திருத்திய வயது

நிறைமதி என்று பெயர் முன்பே எழுதி வைத்திருந்தோம்.
அவள்தான் அவசரப்பட்டாள்.
இருபத்தாறாம் கிழமை, எழுநூற்றுத் தொண்ணூறு கிராம்.
பேர்ண் மருத்துவமனையில் தாதி கொறின்
தொட்டில் அட்டையில் அந்தப் பெயரை எழுத
எழுத்துக்கு எழுத்து என்னிடம் கேட்டாள்.
பெயர் அவளைவிட நீளமாயிருந்தது.

பிறந்த நாளிலிருந்து எண்ணினால்
இப்போது மூன்று வயதும் எட்டு மாதமும்.
பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணினால்
மூன்றும் ஐந்தும்.
திருத்திய வயது என்பார் டொக்டர்.
இரண்டு வயதோடு அந்தக் கணக்கை அவர்கள் மூடிவிட்டார்கள்.
நான் மூடவில்லை.

பியல் நகரத்துக் கடிகாரத் தொழிற்சாலையில் எனக்கு வேலை.
நொடிமுள் எங்கேனும் தடக்குகிறதா என்று
கண்ணில் வில்லை மாட்டிப் பார்ப்பது.
இரவில் அதே கண்ணால் அவள் விலாவைப் பார்க்கிறேன்,
சட்டையைத் தூக்கி,
முப்பது நொடி எண்ணி, இரண்டால் பெருக்கி.
முப்பதுக்குள் என்றால் படுக்கலாம்.
விலாவுக்கு இடையில் தோல் உள்ளே இழுபட்டால்,
கழுத்தடிக் குழி கரண்டியளவு ஆழமானால்
படுக்க முடியாது.
மூச்சுக்கு முந்நூறு தரம் என்பார்கள்,
சும்மா ஒரு பேச்சுக்கு.
நான் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தவள்.

வீட்டில் சாம்பிராணி இல்லை, ஊதுபத்தி இல்லை.
முருகனுக்கு முன்னால் பற்றறி விளக்கு மினுங்குகிறது.
அவரும் பழகிவிட்டார்.
மிளகாய் வறுப்பது அடுத்த ஊரில், மச்சாள் வீட்டில்.
கௌரிதாசன் உணவகத்துப் புகையோடு படியேற மாட்டார்.
நிலவறைச் சலவை அறையில் சட்டை மாற்றி
ஈரத் தலையோடு வருவார்.
அந்த அறை எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்.
கீழ் வீட்டு ஸ்துடர் அம்மா இரண்டு முறை கடிதம் போட்டாள்.
மூன்றாம் முறை நேரில் வந்து, ஏன் என்றாள்.
சொன்னேன்.
அதன் பிறகு கடிதம் இல்லை.
அவள் பல்கனியிலிருந்து சிகரெட் வாசமும் இல்லை.

கார்த்திகையில் ஏரியிலிருந்து எழும் மூடுபனி
தை வரை ஊர்மேல் உட்கார்ந்திருக்கும்.
யன்னலுக்கு வெளியே அந்தப் புகார்,
உள்ளே முகமூடிக்குள் மருந்துப் புகார்.
சிறுவர் காப்பகத்தில் யாருக்கோ மூக்கு வடிந்தால்
மூன்றாம் நாள் எங்கள் வீட்டில் இழுப்பு.
சளிதானே என்கிறார்கள்.
போன மாசியில் அந்தச் சளி
நாலு நாள் ஒட்சிசன்.

நேற்று ஞாயிறு.
இழுவை ரயிலில் மாக்லிங்கன் மலைக்கு ஏறினோம்.
பாதி வழியில் பனி கிழிந்து
வெயில் முகத்தில் கொட்டியது.
கீழே ஊரும் இல்லை ஏரியும் இல்லை,
ஆடை படிந்த பால் மாதிரி ஒரு வெள்ளை.
நிறைமதி ஓடினாள்.
ஓடாதே என்று வாயெடுத்து விழுங்கினேன்.
அவளைத் துரத்தி மேடேறியதில்
எனக்குத்தான் மூச்சு வாங்கியது.
இடுப்பில் கைவைத்து நின்றேன்.

திரும்பி வந்தாள்.
என் ஜாக்கெட்டைத் திறந்து நெஞ்சில் காதை வைத்தாள்,
டொக்டர் மாதிரி முகத்தை இறுக்கிக்கொண்டு.
"அம்மாவுக்கு முட்டு."
பையைக் கிளறி
மீன் படம் ஒட்டிய குழாயை எடுத்து
முகமூடியை என் மூக்கில் அமுக்கினாள்.
நீலப் பம்பை மட்டும் தொடவில்லை,
அது தன்னுடையது என்று தெரியும்.
"வடிவா இழுங்கோ. அழக்கூடாது."
நான் எப்போது அழுதேன்?
எண்ணத் தொடங்கினாள்:
ஒண்டு, ரெண்டு, ட்ரை, நாலு, அஞ்சு, எட்டு,
எட்டுக்குப் பிறகு பத்து.
நான் திருத்தவில்லை.

நாலு மணி ரயிலில் இறங்கினோம்.
பனி கண்ணாடியைத் தொட்டதும்
இருமினாள், ஒரே ஒரு தரம்.
என் கண் தன்பாட்டில்
மணிக்கட்டு நொடிமுள்ளைத் தேடிப் போனது.