கொஞ்சம் அக்கட்டால

பெங்களூரில் ஏழு மணிக்குக் கிளம்பினோம்.
தொப்பூர் இறக்கத்தில் லாரிகளின் முதுகைப் பார்த்தபடி ஒரு மணி நேரம்,
சங்ககிரி தாண்டி ஆறிப்போன ஒரு காபி,
கொச்சிக்கு இன்னும் இருநூற்று முப்பது கிலோமீட்டர் என்றபோது
பெருமாநல்லூர் பிரிவில் இடது பக்கம் ஒடித்தேன்.
போனுக்குள் வழி சொல்லும் பெண்
திரும்பு திரும்பு என்று பதறினாள்.
டீ குடிக்கலாம் என்றேன் மகனிடம்.
துருவன் காதிலிருந்து ஒயரை எடுக்கவில்லை.
நெடுஞ்சாலையிலேயே இருபது டீக்கடை இருந்தது.

திருப்பூரில் அப்போது எங்கள் வீதிச் சாக்கடைக்கு
வாரம் ஒரு நிறம்.
ஊதா ஓடினால் ஜெர்மன்காரன் ஆர்டர் என்பார்
கட்டிங் மாஸ்டரான அப்பா.
இப்போது எல்லா ஊர்ச் சாக்கடையையும் போலத்தான் கறுப்பு.

சென்னியப்பன் காம்பவுண்டு.
எட்டு லைன் வீடு, ஒரு குழாய், இரண்டு கக்கூஸ்.
கக்கூஸ் சாவியில் தொலையாதிருக்க
காலி நூல்கோன் கட்டியிருக்கும்.
ஐந்தாம் நம்பரில் நாங்கள்.
அம்மா சீட்டு நடத்தினாள்,
பதினோரு பெண்கள், மாதம் ஆளுக்கு ஐநூறு.
ஏழாம் மாதம் காசு இல்லை.
எங்கே போனது என்று அவள் சொன்னதில்லை.
நான் கேட்டதுமில்லை.

அன்று ராத்திரி
குண்டாவுக்கும் தட்டுக்கும் நடுவில்
போசிக்கும் மூடிக்கும் நடுவில்
கட்டிங் வேஸ்ட்டைத் திணித்துக்கொண்டே இருந்தாள்,
மஞ்சளும் சிவப்புமாய், சத்தம் வராமல்.
என் கொலுசைக் கழற்றி அரிசிக்குள் புதைத்தாள்.
டெம்போவை வீதிமுனை வரை
தள்ளிக்கொண்டே போனார்கள்.

டேஷ்போர்டில் ஒரு கவர் இருக்கிறது.
பதினோரு பெயர், அசல், வட்டி.
எக்செல்லில் போட்டேன்.
எத்தனை சதவீத வட்டி என்பதில் மட்டும்
மூன்று ராத்திரி போயிற்று.
மயிலாத்தாவுக்கு முந்தின மாதமே பாதி கொடுத்திருந்தோமா
என்பது இன்னும் தெரியவில்லை.

ஐந்தாம் நம்பர் வாசலில் ஒரு சிறுமி.
உள்ளிருந்து யாரோ ஒடியாவில் கத்த
ஒடியாவிலேயே பதில் கத்திவிட்டு
என் பக்கம் திரும்பினாள்:
‘ஆரைப் பாக்கோணுமுங்க?’

யாரை என்று யோசிப்பதற்குள்
இரண்டாம் நம்பரிலிருந்து கருணாம்பிகை வந்தாள்.
பட்டியலில் நாலாவது பெயர்.
ஓவர்லாக் ஊசி இறங்கிப் பிளந்த கட்டைவிரல் நகம்
சேராமலே வளர்ந்திருந்தது.
இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, பச்சைக் குடங்கள்.
கரண்ட் ஆபீஸ்காரியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

‘நல்ல தண்ணி உடற நாளுங்க.
வண்டியைக் கொஞ்சம் அக்கட்டால நிறுத்தீருங்க.’

குழாயை அடைத்துக்கொண்டுதான் நின்றிருந்தது என் கார்.
‘சரிங்க’ என்றேன்.
எத்தனை வருஷம் ஆயிற்று
என் வாயிலிருந்து அந்த ‘ங்க’ வந்து.

பத்தடி நகர்த்தத்தான் ஏறினேன்.
பத்தடியில் ஒரு ஆட்டோ நின்றது.
அதைத் தாண்டினால் மளிகைக் கடை,
அதையும் தாண்டினால் வீதிமுனை,
வீதிமுனையில் நிற்கவே விடவில்லை பின்னால் ஹாரன்.
இரண்டாம் கியர். மூன்றாம் கியர்.

கண்ணாடியில் கருணாம்பிகை
குடத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.
என்னை அடையாளம் கண்டவள் மாதிரி இருந்தது.
தண்ணீர் வருகிறதா என்று
குழாயின் காற்றுச் சத்தத்தைக் கேட்பவள் மாதிரியும் இருந்தது.

அந்தம்மா யாரு, என்றான் துருவன்.
எப்போது ஒயரைக் கழற்றினான்?
தண்ணிக்கு நிக்கறவங்க, என்றேன்.
டீ?
அவிநாசியில.

பட்டப்பகல்.
ஒவ்வொரு வேகத்தடைக்கும்
பின்சீட்டில் டிபன் கேரியர் கணகணவென்று அடித்துக்கொண்டது.
அதைப் பிடித்துக்கொள்ளடா என்று
இரண்டு முறை சொல்லிவிட்டேன்.