கை கழுவுமிடத்தில்

வளையலைக் கழற்றுங்க, றிஸ்மியா.
மணிக்கூடு, மோதிரம், எல்லாம்.
முழங்கை வரைக்கும் சவர்க்காரம்,
நகக்கண், விரலிடுக்கு.
குழாயை மூட விரல் வேண்டாம், முழங்கையால தள்ளுங்க.
என்ட மனுசனுக்கு மாவு ஆலையில வேலை.
முதல் நாள் சந்தமாலி மிஸ்
மூன்று தரம் திருப்பி அனுப்பினா,
நகத்துக்குள்ள மாவு என்று.
நாலாம் தரம் உள்ளே விட்டபோது
மகனைப் பார்க்காமல்
தன்ட கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே மணி அடிக்கும்.
அநேகமா அது
பிள்ளை காலை உதறிக் கழன்ற வயருக்குத்தான்.
அடித்ததும் மிஸ்ஸின்ட முகத்தைப் பாருங்க,
அவ ஓடினால் பிறகு பயப்படலாம்.
நான் முதல் கிழமை முழுக்க
ஸ்கிரீனில ஏறி இறங்கிற இலக்கத்தைத்தான்
பெற்றவள் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தன்.
மூக்கு என்ட அப்பாவின்ட மூக்கு என்று
எட்டாம் நாள்தான் கண்டன்.
காலில கட்டின பட்டியில
அவனுக்கு இன்னும் பேர் இல்லை.
தர்மினியின் பிள்ளை, ஒன்று.

தடவாதீங்க. அந்தத் தோலுக்குத் தடவல் நோகும்.
ஒரு கை தலையில, ஒரு கை பாதத்தில,
அசையாமல் வையுங்க,
கோழி அடை கிடக்கிற மாதிரி.

பால் எனக்கு முதல் நாள்
ஊசிக்குழாயில அடி நனையத்தான் வந்தது.
ஒளித்துக் கொண்டுபோய்க் கொடுத்தன்.
மிஸ் வெளிச்சத்தில தூக்கிப் பிடித்து
"ஹொந்தய், ஹொந்தய்" என்று
பேரும் நேரமும் எழுதி ஒட்டினா.
விடியப்புறம் ரெண்டு மணிக்கும் எழும்பிப் பிழியுங்க.
அந்த நேரம் துறைமுகத்தில கப்பல் ஊதும்.
ஊருக்குள்ள முழிப்பா இருக்கிறது
நீங்களும் அதுவும்தான்.

கேள்விகளைக் கொப்பியில எழுதி வையுங்க,
டொக்டர் வந்தால் வாய் மறந்துபோகும்.
விளங்காட்டித் திரும்பக் கேளுங்க.
சிங்களத்தில சொன்னால் ஜுனைதீன் நானாவைக் கூப்பிடச் சொல்லுங்க,
துடைப்பத்தை வைத்துவிட்டு வந்து
ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுவார்.

போன் வரும். எத்தனை கிலோ என்று கேட்பாங்க.
தாத்தாவிட்ட மட்டும் சொல்லுங்க,
மற்ற ஆக்களுக்கு அவ சொல்லட்டும்.

உங்களுக்குத் துண்டு வெட்டுவாங்க.
பிள்ளைக்கு வெட்டமாட்டாங்க.
அதுக்கு ஆயத்தமாக ஒரு வழியும் எனக்குத் தெரியாது.
துணிப் பையோட ஓட்டோவில ஏறினன்.
ஓட்டோக்காரர் பின்னால திரும்பி
பிள்ளை எங்க தங்கச்சி என்று கேட்டார்.
கேற்றடியில குப்பை மேய்ந்த மானொன்று
குட்டியோட ரோட்டைக் கடந்தது.
அது கடந்து முடியுமட்டும் ஓட்டோ நின்றது.
அந்த மானை எனக்குக் கண்ணில காட்ட ஏலாது.
இப்பவும்தான்.

ஒரு நாள் நெஞ்சில வைக்கத் தருவாங்க,
வயர் எல்லாத்தோடயும்.
முன்பக்கம் திறக்கிற சட்டையா உடுத்து வாங்க.
அதுக்கு முதல் தண்ணி குடியுங்க, சலத்துக்குப் போய் வாங்க,
வைத்த பிறகு எழும்ப மனம் வராது.
ரெண்டு றாத்தல் பாண் பாரம்தான்.
அவன்ட மூச்சு என்ட மூச்சைத் தேடி
ஓடி வந்து, பிந்தி, பிறகு சேர்ந்து நடந்தது.

உங்கட மகள்ட பெட்டி ஜன்னல் பக்கம்.
பின்னேரம் நாலு மணிக்கு
வெயில் நேரே கண்ணில விழும்.
மிஸ்ஸிட்டச் சொன்னால் பச்சைத் துணி ஒன்று போடுவா.
இடப்பக்கக் கதவு கொஞ்சம் இறுகும்,
தூக்கித் திறக்கவேணும்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீங்க.

கடதாசி இந்தப் பக்கம் இருக்கு.
துடைக்கேக்க தேய்க்காதீங்க,
ஒத்தி எடுங்க.