பாரை, கிலோ நூற்று நாற்பது

சீனன்குடாத் துறைமுக ஏலத்துக்குக்
கணக்கு வைக்கும் மென்பொருள் இலவசம்.
அதன் கையேடும் இலவசம்,
ஆனால் சும்மா அல்ல.
எடுக்கலாம், திருத்தலாம், அச்சடித்து விற்கவும் செய்யலாம்,
முன்னால் எழுதியவரின் பெயரைச் சொல்லி,
என்னத்தை மாற்றினாய் என்று எழுதி,
அடுத்து வருபவருக்கும் இதே உரிமையை விட்டுவிட்டு.

முதலில் எழுதியவர் எஸ்தோனியாவின் எவா ஹல்லிக்.
அவருடைய உதாரணத்தில் ஏதோ குளிர்கடல் மீன்.
கிண்ணியா ஏ. எல். முஸம்மில் தமிழாக்கியபோது
அது பாரை ஆயிற்று.
பிறகு ஒன்பது பேர். சிலருக்கு முதலெழுத்து மட்டும்,
ஒருவருக்கு அதுவும் இல்லை, 'கடல்நாய்77'.
பன்னிரண்டாவதாக நான்,
உப்புவெளியில், மின்வெட்டில்,
மடிக்கணினியின் கடைசி இருபது வீதத்தில்.

அச்சுச் செலவு தரும் நிறுவனத்திலிருந்து
தர்மினி அழைத்தார்:
"பேருக்கே ரெண்டு பக்கம் போகுது.
'குழுவினர்' எண்டு போட்டா முடியாதா?
முஸம்மில் எழுதினதில
இப்ப என்ன மிச்சம் இருக்கு?"

நியாயமான கேள்வி. இருந்து எண்ணினேன்.
இரண்டு பதிப்பையும் பக்கத்துப் பக்கம் வைத்து
வரிவரியாய் ஒப்பிட,
போனதெல்லாம் சிவப்பு, வந்ததெல்லாம் பச்சை.
நிறம் ஏறாமல் நின்றவை இரண்டு.
"அழித்தால் திரும்பாது. ஒருக்கா யோசியுங்கள்."
மற்றது உதாரணப் பட்டியலின் முதல் வரி:
பாரை, பன்னிரண்டு கிலோ, கிலோ 140 ரூபா.

எந்த ஆண்டில் பாரை அந்த விலைக்குப் போனதோ.
முதல் பதிப்பில் திகதி இல்லை.
விலைதான் திகதி.

இந்த இடத்தில்
கோட்டைச் சுவரில் செருகிய கோயில் கற்களைக்
கொண்டுவந்து நிறுத்தலாம்.
திருகோணமலையில் எழுதுகிறவர்கள் நிறுத்துவோம்.
இன்றைக்கு வேண்டாம்.
கல்லிடம் சம்மதம் கேட்க முடியாது.
முஸம்மிலிடம் கேட்கலாம்.

கேட்கவும் வேண்டியிருந்தது.
கையேட்டின் பழைய உரிமம்
மென்பொருளின் உரிமத்தோடு ஒட்டாது.
மாற்றுவதென்றால் எழுதிய அத்தனை பேரும் ஓம் சொல்லவேண்டும்.
எவா ஒரே நாளில் சொன்னார்.
கடல்நாய்கூட ஒரு கட்டைவிரல் அனுப்பியது.
முஸம்மிலுக்குப் போன மின்னஞ்சல்
அப்படி ஒரு முகவரி இல்லையென்று திரும்பி வந்தது.

பஸ் எடுத்துப் பாலம் தாண்டிப் போனேன்.
ஹார்ட்வெயார் கடையில் அவருடைய மச்சான்
ஆணி நிறுத்துக்கொண்டே இலக்கம் சொன்னார்.
கட்டார். பின்னால் லொறி உறுமல்.

"கையேடா? ஓ, அது!
அந்த நேரம் வேலை இல்ல, அதால எழுதின.
என்னவும் செய்ங்க, எனக்குச் சம்மதம்.
ஆனா என்ட பேர எடுத்திருங்க தங்கச்சி.
கடன்காரன் கூகிள்ல தேடிக்கிட்டு இரிக்கான்."

பெயரை விடமாட்டேன் என்று
இரண்டு பக்கத்துக்காகச் சண்டை பிடித்தவள்
அன்றிரவு பெயரை எடுக்கும் விதியைத் தேடினேன்.
இருக்கிறது, புதிய உரிமத்தில், நடுவில் எங்கோ:
எழுதியவர் கேட்டால்
முடிந்தவரை நீக்கிவிடவேண்டும்.

(முஸம்மில் என்பதும் அவர் பெயரல்ல.
இந்தக் கவிதைக்கு நான் வைத்தது.
ஊரையும் நம்பவேண்டாம்.)

தர்மினிக்கு ஒரு வரி மிச்சமானது,
பக்கம் குறையவில்லை.
பிரதிகள் வந்த காலை
ஏலக் கிளாக்கர் நாகேந்திரம்
நனைந்த விரலால் புரட்டி, ஒரு பக்கத்தில் நின்று,
பலமாகச் சிரித்தார்:
"எந்தத் துறையில பிள்ளை பாரை நூத்தி நாப்பது?
சொல்லுங்கோ, வள்ளத்தோட வாறன்."

அச்சுப்பிழை என்றேன்.
அவர் கடைசிப் பக்கம் வரைக்கும் போகவில்லை.
அங்கே இருக்கிறது:

மாற்றங்கள், மூன்றாம் பதிப்பு.
உரிமம் மாற்றப்பட்டது.
ஒரு பெயர், கேட்டுக்கொண்டதால், நீக்கப்பட்டது.
விலை திருத்தப்படவில்லை.