கட்டுப்படாத பகுதி

காலை ஏழு இருபதுக்கே வரச் சொன்னார்கள்.
விடியலில்தான் அது உச்சத்தில் நிற்குமாம்,
பொழுது ஏற ஏற இறங்கிவிடுமாம்.
தெரியும் என்று நான் சொல்லவில்லை.
ஐந்து மணிக்கு, அனெக்ஸ் குளியலறையில்,
மேல்வீட்டுக்காரி மோட்டர் போடுமுன்,
ஒற்றை பல்பின் கீழே நாடியைத் தூக்கிப் பிடித்து
நான் தினமும் சவரம் செய்து அனுப்புகிற ஆள்தானே.

போன கிழமை டொக்டர்
நாடி பார்க்க வேணும் என்றார்.
மணிக்கட்டைத்தான் கேட்டார்.
என் கை முகத்தை மறைக்கப் போனது.

வெள்ளவத்தையில் கடல்பக்கம் இறங்கும் ஒழுங்கை.
லேப்பின் கண்ணாடிக் கதவில் உப்புப் படலம்.
படிவத்தில் கேட்டிருந்தது:
கடைசி மாதவிடாய் எப்போது?
புறக்கோட்டை இரும்புக்கடையில்
ஒரு பெட்டி ஆணி குறைந்தாலும்
திகதி சொல்லுகிறவள் நான்.
பேனை நின்றுவிட்டது.
'பொங்கலுக்குப் பிறகு' என்று எழுதி வெட்டினேன்.
அடுத்தது திருமணம்.
அதற்குக் கட்டங்கள் இருந்தன, இரண்டே இரண்டு.

திரையில் 'வினோதரஞ்' என்று வந்து நின்றது என் பெயர்.
மிச்சத்துக்கு இடமில்லை.

சந்தமாலி, சட்டையில் குத்தியிருந்தது.
ரப்பர் பட்டியை இறுக்கி
முழங்கை மடிப்பில் தட்டிப் பார்த்தாள்,
பப்பாசி பழுத்ததா என்று பார்ப்பது போல.
முன்கை மயிரைக் கண்டாள்.
காணாதவள் போல பஞ்சால் துடைத்தாள்,
மயிர் படிந்திருக்கும் திசையிலேயே.
மாத்தறை ரயில் போனது;
குழாயில் இரத்தம் சின்னதாய் நடுங்கியது.
'ரிதுனாத மிஸ்?'
நொந்ததா என்று கேட்கிறாள்.
ஊசியைத்தான் கேட்கிறாள்.

மூன்றாம் நாள் றிப்போட்.
மொத்தம்: அளவுக்குள்.
எழும்பப் போனேன். டொக்டர் கையமர்த்தினார்.
ஆண் சுரப்பைப் பிடித்துக் கட்டிவைக்க
இரத்தத்தில் ஒரு புரதம் இருக்கிறதாம்.
எனக்கு அது குறைவு.
கட்டுப்படாதது கூடத் திரிகிறது,
வேலை பார்ப்பதும் அதுதான் என்றார்.

பதினொரு வருடமாய் முதலாளிக்கு
நான் படித்துப் படித்துச் சொல்வதும் இதுதான்.
வங்கியில் கிடக்கிற காசு கடை நடத்தாது.
லாச்சிக்குள் துண்டு இல்லாமல் புரள்கிற காசு,
லொறிக்காரனுக்கு, நாட்டாமைக்கு, தேத்தண்ணிக்கு என்று
கை மாறிப் போகிறதே, அது நடத்தும்.
மொத்தம் சரி என்று கையெழுத்து வைக்கிறவன்
லாச்சியைத் திறப்பதேயில்லை.

அப்போ இந்தப் பருக்கள்,
தலை வகிட்டில் அகலும் வெளி,
ரொறொன்ரோ அண்ணன் யாருக்கோ காட்டக் கேட்ட படத்தில்
வெயிலுக்கு முதுகு காட்டி நான் நின்றது
எல்லாம் லாச்சிக் காசு செய்த செலவு.
சிரிப்பு வந்தது. டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

தாளில் 'பெண்கள்' என்று ஒரு வரி, இத்தனைக்கு இத்தனை.
கீழே 'ஆண்கள்' என்று ஒரு வரி.
என் எண் இரண்டுக்கும் நடுவே,
அச்சு விழாத வெள்ளையில்.
பார்க்க ஒடுக்கம்.
ஒரு த்ரீவீல் திருப்புமளவுக்கு
இடம் இருக்கிறது அங்கே.

குளிசைச் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன்.
போடுவேன். ஒன்றுக்கும் பிடிவாதம் இல்லை.
காலி வீதியில் நல்ல வெயில்.
நூற்றைம்பத்தைந்தாம் நம்பர் பஸ்ஸில்
ஜன்னல் பக்கமாய் இருந்தேன்,
வெளிச்சம் விழுகிற கன்னத்தைத் திருப்பாமல்
பம்பலப்பிட்டி வரைக்கும்.
அதற்குப் பிறகு திருப்பிக்கொண்டேன்.