எக்ஸ்போட் சாமான்

முறிகண்டியில் பஸ் நின்றதும்
நிரோஜினி இறங்கி ஓடினாள்.
பிள்ளையாருக்கு ஒரு கற்பூரம், எங்களுக்குக் கச்சான்.
வவுனியா வரைக்கும் கோதுகளை
என் கைப்பைக்குள்தான் போட்டுக்கொண்டு வந்தாள்.

சம்பளம் விழுந்த மறுநாள் ஞாயிறு.
அப்படி அமைவது வருடத்தில் இரண்டு தரம் என்றாலே அதிகம்.
அவளுக்குக் குதி உயர்ந்த செருப்பு வேண்டும்.
சுகிர்தாவுக்குக் கண்ணாடிக்கு ஃபிரேம்.
எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றுதான் வெளிக்கிட்டேன்.
கடைவீதி அப்படி விட்டுவிடுமா?

தலையில்லாத பொம்மைகளுக்கு என்ன வடிவான சேலை!
லொத்தர்க்காரனின் ஒலிபெருக்கி
எல்லோரையும் லட்சாதிபதி ஆக்கிக்கொண்டிருந்தது.
நடைபாதையில் ஒரு சேட்டுக் குவியல்.
ஒரு பெடியன் அதன் மேலேயே ஏறி நின்று
இரண்டு பாஷையில் விலை கூவினான்.

நீலக் கோடு போட்ட சின்னச் சேட்.
கொலரின் இடப்பக்கம்
மூன்று தையல் பாய்ந்திருந்தது.

எனக்குத் தெரியும்.
இரணைமடுக் கதவுகளைத் திறந்துவிட்ட நாள்.
வீட்டுக்குள் தண்ணி வந்திட்டுதோ,
ஆட்டுக்குட்டியை ஆர் அவிட்டு விட்டவை என்று
கால் மெசினிலும் நான் வேறெங்கோவும்.
மணிக்கு எண்பது கொலர்.
அதில் இது எத்தனையாவது?

"எக்ஸ்போட் சாமான் அக்கா,
வெளிநாட்டுக்குப் போறது. தையலைப் பாருங்கோ!"
பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

பக்கத்தில் ஒரு தாய் அதை எடுத்து
மகனின் முதுகில் வைத்து அளந்தாள்.
கூச்சத்தில் அவன் நெளிந்தான்.
எழுநூறு என்றான் பெடியன்.
"இதிலை தையல் பிழை. அறுநூறுக்குக் குடும்."
என் வாய்தான் சொன்னது.
"ஆர் அக்கா அதைப் போய்ப் பாக்கப்போகினம்?"
"நான் பாத்தனான்."
தாய் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
அறுநூற்றைம்பதில் முடிந்தது.

பின்னேரம் நகரசபை மண்டபத்தில் நாடகம்.
ராசாவின் அங்கிக்கு விளிம்பு தைக்கவில்லை,
ஊக்கு குத்தியிருந்தார்கள்.
மூன்று பேரும் ஒரே நேரம் கண்டோம்.
ராசா செத்து விழுந்தபோது
சனமெல்லாம் மூக்கை உறிஞ்சியது.
ஊக்கு கழன்று குத்தப்போகிறது என்று
நாங்கள் பயந்துகொண்டிருந்தோம்.

பிறகு கொத்துக்கடை.
தகரத் தட்டில் இரண்டு கத்தி அடிக்கிற அடியில்
நாடகத்து மேளமெல்லாம் மறந்துபோனது.
குழம்பை இன்னும் ஊற்றச் சொல்லி
சுகிர்தா கோப்பையை நீட்டினாள்,
பழைய ஃபிரேமோடுதான்.
புதியது இரண்டாயிரம் கூட என்றார்களாம்.

மூலை மேசையில் அந்தப் பெடியன்.
பழைய சேட்டுக்கு மேலேயே புதிதைப் போட்டிருந்தான்.
உறைப்பில் மூக்கு ஒழுக,
கொலரை இழுத்துத் துடைத்தான்,
இடப்பக்கத்தை.
தாய் கையில் ஒன்று போட்டாள்.

கடைசி பஸ் ஆறே முக்காலுக்கு.
நிரோஜினி புதுச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு
வெறுங்காலோடு ஓடினாள்.
என் பைக்குள் கச்சான் கோது மட்டும்
சலசலத்துக்கொண்டு வந்தது.