பதினாறாவது தாளில் என் முழங்கால்

அறுபத்தொரு கிரெடிட்டோடு கிளம்புகிறான் ஆர்விட்.
மில்வாக்கியில் இறங்கும்போது இருபத்திரண்டு இருக்கும்.
கடிதம் வந்த அன்றே ஃபிரிட்ஜ் கதவில்
காந்தம் வைத்து ஒட்டிவிட்டான்:
பாய்ம இயக்கவியல், ஏற்பில்லை.
வெப்ப இயக்கவியல், ஏற்பில்லை.
கான்கிரீட் ஆய்வகம், ஏற்பில்லை.
கட்டுரை எழுதுதல், ஏற்பு.
முதலாண்டு பௌலிங், அரை கிரெடிட், ஏற்பு.

ஆற்றில் கொட்டினாலும்
அளந்துதான் கொட்டுகிறார்கள் என்றேன்.
அவன் பௌலிங் வரிக்குக் கீழே
ஒரு குண்டுப் பந்து வரைந்தான்,
கண்ணும் வாயும் வைத்து.

என் இடது முழங்காலில் இரண்டு திருகாணிகள்.
பதினேழு வயதில் ஹாக்கி,
பனித்திடலின் மூலைச் சுவர்.
மழைக்கு முந்தைய நாள் அது முணுமுணுக்கும்.
மற்றபடி நன்றாகத்தான் நடக்கிறேன் என்று
நான்கு வருடமாக நம்பியிருந்தேன்.

பிப்ரவரியில் ஓர் இரவு.
விடிந்தால் எஃகுப் பாலங்கள் தேர்வு.
வெளியே ஜன்னல் மட்டத்துக்குப் பனி.
ஆர்விட் ஒரு தாள்கட்டை விரலிடுக்கில் பிடித்து
விர்ரென்று விட்டான்.

ஒருவன் நாற்காலியிலிருந்து எழுகிறான்.
பால் எடுக்கப் போகிறான்.
வலது காலை வைக்கிறான்.
இடது காலை வைக்குமுன்
தரையிடம் எதையோ கேட்கிறான்.
கேட்டுவிட்டு வைக்கிறான்.
அதற்குள் தோள் மன்னிப்புச் சொல்லிவிடுகிறது.

முகமில்லை. மூக்குகூட இல்லை.
மாவு மூட்டைக்குக் கை கால் முளைத்ததுபோல் ஓர் உருவம்.
யார் இது, என்று கேட்டான் மார்கோ.
நான் கேட்கவில்லை.

பிறகு மாடிப்படியில் வைத்துச் சொன்னேன்:
என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.
கேட்டிருந்தால் நீ நேராக நடந்திருப்பாய், என்றான்.

மூன்று நாள் பேசவில்லை.
மூன்று நாளும் நேராக நடந்து பார்த்தேன்.
நான்காம் நாள் முட்டி வீங்கியது.

நூற்று நாற்பத்து நான்கு தாள்,
பன்னிரண்டு நொடி.
அதைப் பார்த்துத்தான் இடம் கொடுத்தார்கள்.
நிலையியலில் இரண்டு முறை தோற்றவன்,
எந்த இடத்தில் எடை இறங்குகிறது என்று
ஒரு தாளில்கூடத் தவறவில்லை.
போயே தீருவேன் என்று
அப்பாவிடமும் வங்கியிடமும்
ஒற்றைக் காலில் நின்றான்.
அது என்னுடைய கால்.

மே மாதம். ஏரியின் விளிம்பில் இன்னும்
அழுக்குப் பனிக்கட்டி மிதந்துகொண்டிருந்தது.
அவன் அத்தையின் துருப்பிடித்த வேனில்
மெத்தை, ஒளிப்பெட்டி,
கதவை அறுத்துச் செய்த மேசை எல்லாம் ஏற்றினோம்.
மூலத் தாள்களையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள், என்றான்.
கட்டை என் கையில் கொடுத்து
கயிறு தேடப் போனான்.

எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.
பதினாறாவது தாள். இடது கால் அந்தரத்தில்.
தரை இன்னும் பதில் சொல்லவில்லை.
மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு.
வேறு யாருக்கும் தெரியாது.
அவனுக்குத் தெரியும்.
பெரிய திரையோ சிறிய ஒளிப்பெட்டியோ,
யாருக்காவது விரித்துக் காட்டும்போது
அந்த ஆள் ஒரு கணம் தத்துவான்,
கேட்காமலே காலை வைத்துவிடுவான்.

வேன் திரும்புகையில் ஹார்ன் அடித்தான்.
மார்கோ கையசைத்தான்.
நான் ஒரு கையால் மார்பை அழுத்திக்கொண்டு
மறு கையை அசைத்தேன்.

இன்றோடு ஒன்பது நாள். தொலைபேசி வரவில்லை.
தாள் என் கட்டுமானப் புத்தகத்துக்குள் இருக்கிறது,
வளைவுத் திருப்பம் என்னும் பாடத்தில்.
திருப்பி அனுப்ப உறை வாங்கினேன்.
தபால்தலை வாங்கவில்லை.

இரவு பதினொன்று. எழுகிறேன்.
வலது கால். பிறகு
எண்ணாமல் இருக்கப் பார்க்கிறேன்.
ஃபிரிட்ஜ் கதவில் கடிதம் இல்லை,
பந்தை மட்டும் கிழித்து விட்டுப் போயிருக்கிறான்.
உள்ளே பால் டப்பா.
எடுத்தால் காற்றுபோல இருக்கிறது.
குடித்துவிட்டு
காலியை அப்படியே உள்ளே வைப்பது
அவன் பழக்கம்.