எழுத்தின் வால்

முதலாண்டில் அட்டையால் ஒரு நாற்காலி செய்தேன்.
உட்காராத வரைக்கும் அழகு.
இரண்டாமாண்டில் பார்வையற்றோருக்கு ஒரு சீட்டுக்கட்டு.
நான்கு வீடு சுற்றிவந்தது,
ஐந்தாம் வீட்டில் ஆட்டின் ராணி தொலைந்துபோனாள்.
ராணியை மட்டும் தனியாகச் செய்துதர முடியுமா என்று
இன்னும் யாரோ அழைக்கிறார்கள்.

மூன்றாமாண்டில் டிராம் நிறுத்தத்துக்கு ஒரு பெஞ்சு,
நிற்பதா உட்காருவதா என்று
முடிவுசெய்ய முடியாதவர்களுக்காக.
நடுவர்கள் மூவரும் அதில் சாய்ந்துகொண்டே
துணிச்சல் போதாது என்றார்கள்.

எங்கள் ஊர் வூச்.
பெயருக்குப் படகு என்று பொருள்.
ஆறுகளையெல்லாம் தெருவுக்கடியில் போட்டு
மூடியாகிவிட்டது.
பெயர் மட்டும் தரைதட்டி நிற்கிறது.

நாற்பத்தொரு ஸ்டூடியோக்களுக்கு எழுதினேன்.
மூன்று பதில்கள்.
ஒன்று தானாகவே வருவது.
பெர்லினிலிருந்து வந்ததில்
யாகோதா என்ற என்னை ஆணாக்கியிருந்தார்கள்.
மூன்றாவது:
சம்பளம் கிடையாது, காபி உண்டு.

காபி இங்கேயே உண்டு,
மாலை ஐந்திலிருந்து பத்து வரை, கிங்காவின் அச்சகத்தில்.
திருமண அழைப்பு, பீட்சா விலைப்பட்டியல்,
சுவரில் ஒட்டும் மரண அறிவித்தல்.
அறிவித்தலுக்கு ஒரே அமைப்புதான்:
கறுப்புச் சட்டம், சிலுவை, பெயர், வயது, அடக்கம், நேரம்.
இதில் உன் படிப்பைக் காட்டாதே என்பாள் கிங்கா.
என்னைவிட ஆறு வயதுதான் பெரியவள்,
கடனில் வாங்கிய இயந்திரம்.

நவம்பரில் வந்தார் ஹியெரோனிம் கெம்பா.
டிராம் பணிமனை மின்பணியாளர், எழுபத்தொன்பது.
அவர் பெயரில் ஓர் எழுத்துக்கு வால் உண்டு.
எங்கள் இலவச எழுத்துருவில் வால் இல்லை.
அந்த இடத்தில் கணினி
ஒரு வெற்றுப் பெட்டியை அச்சடித்தது.
பேனாவால் ஒரு காற்புள்ளி போட்டுவிடு,
எல்லாருக்கும் அப்படித்தான் என்றாள் கிங்கா.

நான் வால் வரைந்தேன்.
எட்டரைக்கு ஆரம்பித்து ஒன்பதே முக்கால் வரை.
முதலில் தூண்டில் முள் மாதிரி வந்தது.
பிறகு உதை வாங்கிய நாயினுடையது போல.
பிறகு எழுத்திலேயே முளைத்ததாய்,
அதனோடு கூடப் பிறந்ததாய்.
பெயருக்கும் வயதுக்கும் நடுவில்
ஓர் ஆள் மூச்சுவாங்கும் அளவு இடம் விட்டேன்.
கிங்கா பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
பன்னிரண்டு பிரதிக்கு உண்டான காசை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை டிராமுக்கு நிற்கிறேன்,
எதிர்ச்சுவரில் ஒட்டியிருக்கிறது.
உருளைக்கிழங்குப் பையோடு ஒரு பெண் நின்று படித்தாள்.
பள்ளிப் பையன்கள் இருவர்.
சிகரெட்டை அணைத்துவிட்டு ஒருவர்,
மறுபடி முதலிலிருந்து.
யாரும் எழுத்தைப் பார்க்கவில்லை,
ஆளைப் பார்த்தார்கள்.
என் டிராம் போயிற்று. அடுத்ததும் போயிற்று.
கண்காட்சியில் என் பெஞ்சின் முன்
ஒருவரும் இவ்வளவு நேரம் நின்றதில்லை.

போர்ட்ஃபோலியோவில் சேர் என்கிறான் செவெரின்,
பீட்ரூட் தோலில் செருப்பு செய்து
மிலானுக்குப் போகவிருப்பவன்.
சேர்க்கலாம், ஒன்பதாம் பக்கம் காலிதான்.
வாடிக்கையாளர் என்ற கட்டத்தில்
யார் பெயரைப் போடுவது?

வார்சாவிலிருந்து நேற்று ஒரு படிவம்.
ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்?
விமான நிலையத்தின் அம்புக்குறிகளில் என்று எழுதினேன்.
மருந்துப் புட்டிகளில் என்றும்.
இரண்டும் நிஜம், என் ஆசை சின்னதல்ல.
அனுப்பப் போகையில் கிங்கா அழைத்தாள்:
வுத்ஸ்யா மிஹாவெக் என்று ஓர் அம்மா,
குறுக்கே கோடு போட்ட எழுத்து இரண்டு வேண்டும்,
ஆறு மணிக்குள்.

படிவம் திறந்தபடி கிடக்கிறது.
கோடு எவ்வளவு சாய வேண்டும் என்று
டிராம் கண்ணாடியின் ஆவியில்
விரலால் போட்டுப் பார்க்கிறேன்.
இது செங்குத்து.
இது விழுகிறது.
இன்னும் இரண்டு நிறுத்தம் இருக்கிறது.